கதிர் வரைந்த பலகை

போர் நடக்கும் நாட்டில் ஆறு மாதம் நர்ஸாக இருந்துவிட்டு மகள் அன்றுதான் வீடு திரும்பியிருந்தாள். சாப்பாட்டு மேசையில் அம்மாவின் கேள்விகளுக்கு ஓய்வே இல்லை.

"அந்த நாட்டுக்கு ஆயுதம் விக்கக் கூடாதுன்னு உலகமே தடை போட்டிருக்கே, அப்புறம் எப்படிடீ சண்டை நடக்குது?"

"தடையெல்லாம் பேப்பர்லதாம்மா. பெட்டி மேல வேற எதையாவது எழுதி அனுப்பிடுறாங்க."

"அனுப்புறவன் கை விளங்காமப் போக!"

அப்பா தண்ணீர் குடித்தார்.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்."

பையிலிருந்து ஒரு முழ நீளப் பலகையை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"காலொடிஞ்ச ஒரு குழந்தைக்கு வச்சுக் கட்டினதுப்பா. அங்க கட்டுப்போட வேற எதுவும் கிடைக்காது. துப்பாக்கி வந்த பெட்டிகளை உடைச்சுத்தான் கட்டுவோம்."

பலகையில் பச்சைப் பெயின்ட்டில் ஆங்கிலத்தில் 'விவசாயக் கருவிகள்' என்று முத்து முத்தாக எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு சின்ன நெற்கதிர்.

அம்மா பலகையைப் பார்த்தாள். பிறகு திறந்திருந்த வாசல் கதவைப் பார்த்தாள். வீட்டு எண்ணுக்குக் கீழே அதே கதிர். ஏற்றுமதிக் கம்பெனியில் பெட்டிகளுக்குப் பெயர் எழுதும் அப்பா, எதை எழுதினாலும் அழகுக்காக ஒரு கதிர் வரைந்துவிடுவார்.

"உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. நம்பிடுறேன்."

அப்பா சாப்பிட்ட கையைக் கழுவாமலே மேசைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.