தூக்கிக்கொண்டு போக முடியாத விளக்கு

"கையில தூக்கிட்டுப் போக முடியாத எமர்ஜென்சி லைட் இருக்கா?" என்று மரகதம் கேட்டதும் கடைக்காரர் விழித்தார்.

"எல்லாரும் கைப்பிடி இருக்கான்னுதான் கேப்பாங்கக்கா."

கேட்பார்கள். கைப்பிடிதான் அவளுக்கு ஆகாது. கரண்ட் போன அடுத்த நொடி அவள் கணவர் சிதம்பரநாதன் டார்ச்சையும் லாந்தரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவார், எதிர்வீட்டிலும் போயிருக்கிறதா என்று பார்க்க. நம் வீட்டில் மட்டும் போயிருந்தால் மானம் போய்விடுமோ என்னவோ. டார்ச் அவர் கையில், லாந்தர் எதிர்வீட்டுக்காரர் கையில். இருவரும் டிரான்ஸ்ஃபார்மரை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். இங்கே குளியலறை இருட்டில், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன மாமனாரை, சோப்பு வழுக்க வழுக்க அவள் தாங்கிப் பிடித்திருப்பாள். போன வாரம் கிழவர் நழுவி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார்.

கடைசியில், சுவரில் ஸ்க்ரூ போட்டு முடுக்குகிற விளக்கு ஒன்று கிடைத்தது. ஆளை வரவழைத்துக் குளியலறையில் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டவைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் பாதிக் குளியலில் கரண்ட் போனது. விளக்கு தானாகவே பளிச்சென்று எரிந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மாமனார் மேலே பார்த்துக் கோணல் வாயால் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

கதவு திறந்தது. சிதம்பரநாதன் கையில் ஸ்க்ரூடிரைவர்.

"டார்ச்சுல சார்ஜ் இல்ல, லாந்தரும் எதிர்வீட்டுலயே இருக்கு. ஒரே நிமிஷம், எதிர்வீட்டப் பாத்துட்டு வந்துடறேன்" என்றார். "அப்பாவக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்க. அந்த ஸ்டூல் வேணும்."