இடது கைக்கு ஒரு தடவை

கண்ணாடிக்குள் ஒரு நட்சத்திரம் இருந்தது.

அதன் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே அவள் பென்சிலை ஓட்ட வேண்டும். கையை நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தகரத் தட்டி மறைத்தது. கண்ணாடியைப் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

"நீங்க தயாரா?" என்றாள் மகள்.

"என்னடி, புதுசா நீங்க நாங்கன்னு?"

"பரீட்சைம்மா. இன்னைக்கு நீ எனக்கு சப்ஜெக்ட். சிரிக்காத."

பி.எஸ்சி. உளவியல், இரண்டாம் ஆண்டு, செய்முறைத் தேர்வு. சோதனைக்கு ஆளுக்கொருவரை வெளியிலிருந்து கூட்டி வரச் சொல்லியிருந்தார்கள். பக்கத்து மேசையில் யாருடைய சித்தியோ கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கைப் பழக்கம்?"

"வலது."

யோசிக்காமல் வந்த பதில்.

பள்ளிக்கூடத்தில் அவளுடைய இடது கையை அடித்து, ரிப்பனால் கட்டிப்போட்டு மாற்றினார்கள். பீச்சாங்கைக்காரி என்று தெரிந்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று அப்பாவுக்குப் பயம். புகுந்த வீட்டில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பெற்ற மகளுக்கும்.

"முதல்ல இடது கையால ஒரு தடவை. அப்புறம் வலது கையால நல்லாப் பழகணும். கடைசியா மறுபடி இடது. வலது கை கத்துக்கிட்டது இடதுக்கும் போகுதான்னு பார்க்கறோம்."

"போகும், போகும். வேற எங்க போகப்போகுது."

தடுமாறுவதுபோல் நடித்துவிடலாம் என்றுதான் பென்சிலை வாங்கினாள்.

முதல் முனையில் பென்சில் எல்லோருக்கும் போலத் திசை தெரியாமல் அலைந்தது.

இரண்டாவது முனையில் கைக்கு விளங்கிவிட்டது.

ஜன்னல் திரை மெல்லப் புடைத்து அடங்கியது. இடது கையைக் கண்ணாடி வலது கையாக்கிக் காட்டியது. எதிரே வேறு ஒருத்தி உட்கார்ந்து வரைவதுபோல் இருந்தது. அவளை யாரும் அடித்திருக்கவில்லை. அவள் பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தாள். கோட்டைத் தொடாமல், அவசரமில்லாமல், வாய்க்காலில் இலை போவதுபோல.

நடிக்க மறந்துபோயிற்று.

பிறகு வலது கை. கோணல். அடுத்ததும் கோணல். பழகப் பழகக் கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

மறுபடி இடது. நட்சத்திரம் அச்சடித்ததுபோல் வந்து நின்றது.

மகளின் முகம் வெளுத்தது. "அம்மா, எல்லாமே தலைகீழா வந்திருக்கு."

அதற்குள் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அவர்கள் மேசைக்கு வந்துவிட்டார். தாள்களைப் புரட்டினார்.

"சப்ஜெக்ட் வலது கைங்கற. முதல் தடவையே இடதுல இப்படி வருமா? நீயே போட்டு வச்சுட்டியா?"

"இல்ல மேடம். இவங்கதான்…" மகள் அம்மாவைக் கைகாட்டினாள்.

"செய்யாத சோதனைக்கு எப்படி மார்க் போடறது? அடுத்த வருஷம் வந்து எழுது."

மகள் அழவில்லை. கீழுதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள்.

கண்ணாடிக்குள் இருந்தவள் பென்சிலை இன்னும் கீழே வைக்கவில்லை.

அவள் தகரத் தட்டியை நகர்த்தினாள். கை வெளிச்சத்துக்கு வந்தது.

"இதுதான் மேடம் என் கை."

மகள் திரும்பிப் பார்த்தாள். முகத்தை அல்ல. கையை.

நட்சத்திரத்தின் நடுவே இருந்த வெற்றிடத்தில் அவள் இடது கையாலேயே தன் பெயரை எழுதத் தொடங்கினாள். முதல் எழுத்து பெரிதாக, ஒரு பக்கம் சாய்ந்து வந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து.

கொஞ்சம் நிறுத்தி, காத்திருந்தாள்.

யாரும் கையைத் தட்டிவிடவில்லை.

இரண்டாவது எழுத்தை எழுதினாள்.