கடைசியாக ஒரு கத்தி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தார்.

சாப்பாட்டு மேசையில் பதினோரு கத்திகள் கிடந்தன. எதிரே, பழைய கத்திகளை வீடு தேடி வந்து விற்கும் கத்திக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஒன்றே ஒன்றுதான் வாங்கலாம். அதுவே கடைசி. இதற்கு மேல் இன்னொரு கத்தி வீட்டுக்குள் வந்தால் தான் வெளியே போய்விடுவதாக மனைவி நேற்றே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

தப்பாக எடுத்துவிட்டால் ஆயுளுக்கும் அலமாரி முன்னால் நின்று பெருமூச்சு விட வேண்டியதுதான்.

ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. கல்யாணமான புதிதில் சிங்கத்தலைப் பிடி, வெல்வெட் உறை என்று வாங்கிக் குவித்தவர்தான். அப்புறம் பொத்தானை அமுக்கினால் சடக்கென்று பாயும் மடக்குக் கத்திகள். அந்தப் பைத்தியம் தெளிந்ததும் இரும்பு பிடித்துக்கொண்டது. அலகில் ஓடும் வரிகளைப் பார்த்தபடி சோறு ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பார். அதற்கும் பிறகு எடை. ஒற்றை விரலில் நிற்காத கத்தியை அவர் கத்தி என்றே ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது ஐந்தாறு வருடமாகப் புதுக் கத்தி எதுவும் பிடிப்பதில்லை. செருப்புத் தைக்கிறவர் வைத்திருந்தது, பைண்டிங் செய்கிறவர் தேய்த்தது என்று உழைத்துக் களைத்த கத்திகள்தான் வேண்டும். கத்தியைக் காட்டினால் அதைப் பிடித்த கையைச் சொல்லிவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு கண்.

அந்தக் கண் பத்துக் கத்திகளைத் தாண்டிப் போய், மேசை ஓரத்தில் கிடந்த பதினோராவதில் நின்றுவிட்டது.

சாணளவுக் கத்தி. வெடித்த மரப்பிடியில் நூல் சுற்றி, மெழுகு தேய்த்து இறுக்கியிருந்தது.

"பாருங்க, நடுவுல எவ்வளவு தேஞ்சிருக்கு, ஆனா ஒரு இடத்துலகூடப் பல்லு விழலை. முதுகுல இந்தப் பளபளப்பு இருக்கே, ஆள்காட்டி விரல் வச்ச இடம். எத்தனை ஆயிரம் நாள் வச்சிருக்கணும்! இதை வச்சிருந்த மனுஷன் ஒருநாள்கூடக் கோபத்தோட தொட்டிருக்க மாட்டான்."

கத்திக்காரர் வாயைத் திறக்கவில்லை. ஒன்று கேட்டால் ஒன்பது சொல்கிற ஆள். விலையை ஏற்றத்தான் இந்த மௌனம் என்று கண்ணாடிக் கடைக்காரர் முடிவு செய்தார். ஏற்றிக்கொள்ளட்டும்.

அவர் நிறுத்தவில்லை. சாணை பிடித்த விதத்தைப் புகழ்ந்தார். நூலைச் சுற்றியிருந்த பொறுமையைப் புகழ்ந்தார். பிடியில் கட்டைவிரல் பதிந்த பள்ளத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார். கொள்ளவில்லை. இத்தனை சின்னக் கையா இவ்வளவு வேலை செய்தது என்று அதிசயித்தார். முகம் தெரியாத அந்தத் தொழில்காரனை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன் என்று வாய்விட்டே சொன்னார்.

இதுதான். இனி ஒரு கத்தி வேண்டாம்.

விலை கேட்க வாயெடுத்தபோது, பின்னாலிருந்து ஒரு கை நீண்டது.

"குடுங்க, பீன்ஸ் பாதியில கிடக்கு," என்றாள் மனைவி. "நீங்க வாங்கின முதல் கத்திதான். இதெல்லாம் ஒரு கத்தியான்னு அடுத்த மாசமே எங்கிட்ட தள்ளிவிட்டீங்க."

வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், அழைப்புமணி அடித்ததும் காயை மட்டும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனிதருக்கும் சமையலறைக்கும் ஏழாம் பொருத்தம். தண்ணீர் குடிக்கப் போனதோடு சரி.

கத்திக்காரர் மீதிப் பத்தையும் துணியில் சுருட்டினார். வேறு ஏதாவது வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடிக் கடைக்காரரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"உங்களுது இல்லைன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் கடைசியில்.

"சொல்லத்தான் சார் வந்தேன். நீங்க பேச ஆரம்பிச்சதுமே அக்கா உங்க பின்னால வந்து நின்னுட்டாங்க. உதட்டுல விரலை வச்சு, பேசாதேன்னு சைகை காட்டினாங்க."

கண்ணாடிக் கடைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பேச ஆரம்பித்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.