நாற்பத்திரண்டில் பதினேழு

"உங்க பொண்ணுக்குக் கழித்தல் இன்னும் பிடிபடலைங்க. கொஞ்ச நாள் தனி வகுப்புல உட்கார வைக்கலாம்னு பார்க்கறேன்."

மூன்றாம் வகுப்பு டீச்சர் இப்படிச் சொன்னதும் அம்மாவுக்கு ஒன்றுமே புரியவில்லை.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். மகளின் வீட்டுப்பாட நோட்டை தினமும் பார்ப்பவள். அதில் ஒரு கணக்குகூடத் தப்பில்லை.

நோட்டை விரித்துக் காட்டினாள். டீச்சரும் குழம்பித்தான் போனார். வகுப்பில் எண்ணிப் பழகும் மரக்கட்டைகளை வைத்துச் செய்யும்போது மட்டும் தப்பு தப்பாக வருகிறதாம்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி மகள் முன்னால் வைத்தாள் அம்மா. நாற்பத்திரண்டில் பதினேழு போனால் எவ்வளவு என்று கேட்டாள்.

மகள் ஒரு கட்டைப் பிரித்தாள், ஏழு குச்சியைத் தள்ளினாள், இன்னொரு கட்டையும் தள்ளினாள். "இருபத்தஞ்சு."

ஸ்கூலில் மட்டும் ஏன் தப்பாகிறது என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினாள்.

மறுநாள் வேலைக்கு லேட்டானாலும் பரவாயில்லை என்று, வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள் அம்மா.

அதே கணக்குதான். மகள் பத்தைக் குறிக்கும் நீளக் குச்சி நாலும், ஒன்றைக் குறிக்கும் ஒற்றைக் கட்டை இரண்டும் எடுத்து வைத்தாள். ஒரு குச்சியை, பக்கத்தில் இருந்தவளுக்கும் அவளுக்கும் நடுவே இருந்த பெட்டியில் போட்டுவிட்டு, அதற்குப் பதில் பத்து ஒற்றைக் கட்டைகளை எண்ணி எடுத்தாள். எல்லாம் சரி. பிறகு ஓரக்கண்ணால் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். டீச்சர் விடை கேட்டதும், "முப்பத்தஞ்சு" என்றாள்.

அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவள் குருவி. குரல் வெளியே வராத பெண் என்பதால் வகுப்பு வைத்த பெயர். படிப்பும் சுமார்தான். சேர்க்கை சரியில்லை.

மணி அடித்ததும் நேரே டீச்சரிடம் போனாள். குருவியால்தான் மகளின் கவனம் சிதறுகிறது, இடத்தை மாற்றுங்கள் என்றாள். டீச்சர் தயங்கினார். அம்மா விடவில்லை. கடைசியில் குருவி முன் வரிசைக்குப் போனாள்.

இரண்டாம் நாளே டீச்சர் போன் செய்தார். எல்லாக் கணக்கும் சரியாம், தனி வகுப்பு தேவையில்லையாம்.

"நான் சொன்னேன்ல?" என்றாள் அம்மா, கணவனிடம்.

மகள் மட்டும் சாப்பிடாமல் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாக வந்தும் ஏன் இந்த மூஞ்சி என்று கேட்டாள் அம்மா.

"ரெண்டு பேருக்கு ஒரு பெட்டிம்மா. அதுல ஒருத்தர் சரியாச் சொல்லிட்டாலே பெட்டி அடுத்த ரெண்டு பேருக்குப் போயிடும். குருவிக்குப் பத்தை மாத்தறது இன்னும் புரியலை. கேட்கவும் வெட்கப்படுவா. நான் தப்பாச் சொன்னா, அவளுக்கு இன்னொரு தடவை வெச்சுப் பார்க்கக் கிடைக்கும்."

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இப்ப அவ பக்கத்துல இருக்கறவ முதல் தடவையே சரியாச் சொல்லிடறாம்மா."