நெற்றிப் பட்டை

கல்லூரி நுழைவுத் தேர்வில் அந்த வருடம் முதல் 'தெரியாது' என்பதற்கும் அரை மதிப்பெண் கொடுத்தார்கள். வாய்க்கு வந்ததைச் சொன்னால், நெற்றியில் கட்டியிருக்கும் பட்டையில் சிவப்பு விளக்கு எரியும்; மனதறிந்ததைச் சொன்னால் பச்சை. வாங்கிய மதிப்பெண்ணும் குறையும்.

ஈரோட்டில் பிளஸ் டூ படித்த இளவேனிலுக்கு 'தெரியாது' என்ற சொல் மட்டும் வாயில் வரவே இல்லை. ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் ஏதாவது ஒரு விடையைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டு மதிப்பெண்ணை இழந்தாள். வீட்டிலும் பட்டையைக் கட்டிப் பழகச் சொன்னார் ஆசிரியை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது அப்பா தணிகாசலம் அதை வாங்கித் தன் நெற்றியில் கட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு நீ கேளு கண்ணு, நான் சொல்றேன்."

இளவேனில் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள். "எனக்கு மெடிக்கல் சீட் கிடைக்கலைன்னா உங்களுக்கு அவமானமா இருக்குமாப்பா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல."

சிவப்பு எரிந்தது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா சிரிக்கவில்லை.

"தெரியல கண்ணு. நாலு பேரு கேட்டா சங்கடமாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். அப்புறம் சரியாயிரும்."

விளக்கு பச்சையானது. இளவேனில் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"எனக்கு டாக்டராகணுமான்னே தெரியலப்பா" என்றாள்.

அப்பா பட்டையைக் கழற்றி ஓரமாக வைத்தார். "அப்ப வேற என்ன பிடிக்கும், சொல்லு."

கை காய்ந்து போனதுகூடத் தெரியாமல் மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.