கொடியில் ஒரு பச்சைச் சேலை

"வந்ததும் வராததுமா எதுக்குத் தலையில தண்ணி ஊத்திக்கிட்டீங்க? தை மாசக் குளிருல, பொழுது சாயுற நேரத்துல?"

கிணற்றடியிலிருந்து ஈரத் தலையோடு வந்த அழகர் துண்டை எடுத்துத் துவட்டிக்கொண்டார். அவர் படம் கீறும் சாயப்பெட்டியும், உட்காரும் மடக்குக் கதிரையும் வாசலிலேயே கிடந்தன.

கேட்ட மனைவி இராஜேஸ்வரிக்குப் பதில் தேவைப்படவில்லை. எவளுடைய வாசனையையோ கழுவிவிட்டு வருகிறார். வேறென்ன?

அழகருக்குக் கண்டியில், முனிசிபல் கந்தோரில் கிளாக்கர் வேலை. வாரத்தில் ஆறு நாள் தண்ணீர் வரிக் கடிதங்களில் முத்திரை குத்துவார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஓவியராகிவிடுவார். வெட்டவெளியில் உட்கார்ந்து, கண் முன்னால் இருப்பதைப் பார்த்துத்தான் படம் கீறுவார். மற்ற ஆண்கள் கள்ளுக் குடிக்கத் தவறணைக்குப் போகும்போது தன் மனிதர் மலையையும் மரத்தையும் கீறப் போகிறாரே என்று இராஜேஸ்வரி அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொண்டதும் உண்டு. குளக்கரைக்கோ ஹந்தானை மலைக்கோ போகிறார் என்றுதான் இன்று காலை வரை நினைத்திருந்தாள்.

இன்று காலை துணி விற்க வந்த முனாப் நானா அந்த நினைப்பில் மண்ணைப் போட்டுவிட்டுப் போனார்.

"கலகெதரையில எதிர்ப் பாறையில குந்திக்கிட்டு, ஐயா ஒரே வூட்டப் பாத்துப் பாத்துக் கீறுறாரு தங்கச்சின்னு முனாப் நானா சொல்றாரு," என்றாள். "அந்தப் பக்கம் மலேரியாக் காய்ச்சல்ல வீட்டுக்கு வீடு ஆள் விழுது. தலைதெறிக்க ஓடி வர்ற ஊருக்கு நீங்க வாராவாரம் பஸ் ஏறுறீங்க. பொம்பளை சமாச்சாரம் இல்லாம ஒரு ஆம்பளை போவானா?"

அலுமாரியில் கட்டிவைத்திருந்த படங்களை எல்லாம் அவள் தரையில் பரப்பி வைத்திருந்தாள். படம் என்றால் மலை, மரம், வானம், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று இத்தனை நாள் திரும்பிப் பார்க்காதவள், இன்று பகல் முழுவதும் அதைத்தான் பார்த்தாள். இரண்டு வருடத்துப் படங்கள். எல்லாவற்றிலும் ஒரே பலா மரம், ஒரே தகரக் கூரை வீடு, முற்றத்தில் ஒரே கொடி. கொடியில் ஒரு பச்சைச் சேலை.

"யாரு அவ?"

அழகர் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார்.

"கிளாக்கர் புத்தி, மூலையில தேதி வேற போட்டு வச்சிருக்கீங்க. இந்தா, போன ஆவணியில கீறினது. சேலைக்குப் பக்கத்துல குட்டிக் குட்டியாத் துணி. பிள்ளையும் பெத்தாச்சு, இந்த வயசுல."

இந்த வீட்டில் இவரை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை. இவரும் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் அவ்வளவு கோபமாக வந்துகொண்டிருந்தது.

"அந்த வாசலை நான் மிதிச்சதே இல்ல," என்றார் அழகர்.

"மிதிக்காமலா பிள்ளை பிறந்துச்சு?"

அவர் தலை குனிந்தார். குற்றமுள்ள நெஞ்சு என்று அவளுக்குத் தோன்றியது.

"ஒண்ணு சொல்லிடறேன். நான் ஒருதடவை தலை முழுகினா முழுகினதுதான். நீங்களா இருந்தாலும் சரி. என்னைப் பத்தி உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றார். இதற்கு மட்டும் உடனே பதில் வந்தது.

இராஜேஸ்வரி விறுவிறுவென்று வாசலுக்குப் போய், சாயப்பெட்டியோடு கிடந்த இன்றைய படத்தை எடுத்து வந்தாள். அதே பலா மரம், அதே கூரை. கொடியில் குழந்தைத் துணிகள் மட்டும் கிடந்தன.

"சேலையைக் காணோமே. உங்க சீமாட்டி எங்க போயிட்டா?"

அழகர் படத்திலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"எனக்குக் கிழிசல் சேலை, அவளுக்குப் பச்சைச் சேலை. யாரு எடுத்துக் குடுத்தது? அதையாவது வாயைத் திறந்து சொல்லுங்க."

"நீ."

"என்னது?"

"நீதான் எடுத்துக் குடுத்தே, தீபாவளிக்கு. அதைக் கட்டிக்கிட்டுத்தான் நம்ம பொண்ணு அந்த லொறிக்காரனோட போனா. அவ வாசலை மிதிக்கக் கூடாதுன்னு உன் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினே. மிதிக்கல. பாறையில உட்கார்ந்து பாத்துட்டுப் பாத்துட்டு வந்தேன்."

இரண்டு வருடமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத பெயர் இராஜேஸ்வரியின் வாய்வரை வந்து நின்றது. கையில் இருந்த படத்தை இன்னொரு முறை பார்த்தாள்.

"கமலம்..." என்றாள். "சேலை எங்கங்க?"

"அதைக் காணோமேன்னுதான் நானும் தேத்தண்ணிக் கடையில விசாரிச்சேன். காய்ச்சல்ல போயிட்டாளாம். வியாழக்கிழமையே எடுத்துட்டாங்களாம்."

அவள் படத்தைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிப் பக்கம் நடந்தாள்.

"நீ எங்க போறே?" என்றார் அழகர், இருந்த இடத்தை விட்டு அசையாமல். "கமலத்துக்கு நான் இன்னைக்குத்தான் தலை முழுகினேன். நீதான் ரெண்டு வருஷத்துக்கு முந்தியே முழுகிட்டியே."