ஒரு பிளாஸ்க் கஞ்சி

"அக்கா, கை தட்டுங்க! எழவு வீட்டுக்கு வந்த மாதிரி உட்காந்திருக்கீங்களே!"

பக்கத்து இருக்கை ஜெனலின் தோளால் இடித்தாள். எர்லிந்தா மடியிலிருந்த பிளாஸ்க்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தோஹாவில் வெள்ளிக்கிழமை. லீவு கிடைத்த பிலிப்பைன்ஸ்காரர்கள் எல்லாரும் அந்த டென்னிஸ் அரங்கத்தில்தான் இருந்தார்கள். நர்ஸுகள், சலூன் பெண்கள், கிரேன் ஓட்டுகிறவர்கள், அடுத்தவர் பிள்ளைகளை வளர்த்துவிடும் யாயாக்கள். பாதிப் பேருக்கு பாயின்ட் கணக்கே புரியாது. கூடைப்பந்துக்குக் கத்திப் பழகிய தொண்டை, இங்கேயும் அப்படியே கத்தியது.

"லின்-லின்! லின்-லின்!"

நடுவர் மைக்கில் நாலாவது தடவையாக அமைதி காக்கச் சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள்.

டென்னிஸில் இவ்வளவு தூரம் வந்த முதல் பிலிப்பைன்ஸ் பெண் லின்-லின். எதிரே எகிப்துக்காரி நெஸ்மா. அவளுக்குக் கை தட்ட ஒரு வரிசை ஆள்கூட இல்லை. ஆளுக்கு ஒரு செட் ஜெயித்து, மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது.

நெஸ்மா அடித்த சர்வ் இரண்டும் வலையில் விழுந்தன. அரங்கமே எழுந்து குதித்தது.

"எதிராளி தப்புக்குக் கை தட்டக் கூடாது. டென்னிஸ்ல அது மரியாதை இல்ல," என்றாள் எர்லிந்தா.

முன்வரிசை டோடோய் திரும்பிப் பார்த்தான். "அடேங்கப்பா! டென்னிஸ் எங்க படிச்சீங்க அக்கா?"

"படிப்பு என்ன படிப்பு? வருஷக்கணக்கா தண்ணி பாட்டிலோட கோர்ட் ஓரமா உட்காந்திருந்தவ நான்."

"எந்த ஊரு நீங்க?" இது ஜெனலின்.

"இலோயிலோ."

"லின்-லினும் இலோயிலோதானே! பிளாஸ்க்ல என்ன?"

"சாக்லேட் கஞ்சி. என் கையில வளர்ந்தவ. சின்னதுல தோத்துட்டா தரையில விழுந்து புரளுவா. இதைக் குடிச்சாத்தான் அடங்குவா. பார்த்து ஆறு வருஷமாச்சு. இன்னிக்கு இதை அவ கையில கொடுத்துடணும், அவ்வளவுதான். ஆறு மணிக்கு கம்பெனி பஸ். விட்டா ஆஸ்பத்திரி டூட்டி போச்சு, வேலையும் போச்சு."

ஜெனலின் வாயைப் பிளந்தாள். அடுத்த நிமிடம் அந்தச் செய்தி வரிசை வரிசையாக மேலே ஏறியது. "லின்-லினோட சித்தி! நம்ம வரிசையில!"

"நான் சித்தி எல்லாம் இல்லம்மா..."

"பாருங்கடி, அடக்கத்த!"

யாரோ சிப்ஸ் நீட்டினார்கள். யாரோ கழுத்தைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். டோடோய் பிளாஸ்க்கை மோப்பம் பிடித்தான். "சித்தி, கஞ்சிக்குத் தொட்டுக்கக் கருவாடு இல்லாமலா?"

"கொண்டு வந்தேன். நாத்தம்னு சொல்லி வாசல்ல பிடுங்கிட்டான். மருந்துன்னு பொய் சொல்லித்தான் இதையாவது காப்பாத்தினேன்."

மணி ஐந்து நாற்பது. எர்லிந்தாவின் கால் நிற்காமல் ஆடியது. லின்-லின் மூலைக்கு ஓடி, விழுந்து, விழுந்தபடியே ஒரு பந்தைத் திருப்பினாள். அது கோட்டில் பட்டது. எர்லிந்தாவின் கை தானாகத் தட்டப் போய், பாதியில் நின்றது. குனிந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயப்படாதீங்க சித்தி, இன்னும் ஒரே பாயின்ட்! இன்னிக்கு அழுகையே கிடையாது!"

"யாராவது ஒருத்தி அழுவாளே," என்றாள் எர்லிந்தா, கண்ணைத் திறக்காமல்.

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம். லின்-லின் ஜெயித்துவிட்டாள். ஜெனலின் ஓவென்று அழுதாள். முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

எர்லிந்தா மட்டும் எழுந்து படிகளில் கீழே ஓடினாள். கம்பித் தடுப்பருகே காவலாளி கையை நீட்டி மறித்தான்.

"பாய், விடு பாய்! லின்-லினோட சித்தி! சொந்தக்காரங்க!" பின்னாலேயே இறங்கி வந்த டோடோய் கெஞ்சினான். அவனுக்குப் பின்னால் வரிசை முழுவதும் சேர்ந்து கத்தியது. அந்தச் சத்தத்துக்குப் பயந்தே காவலாளி கையை எடுத்தான்.

மைதானத்தின் மறுகோடியில் லின்-லின் கேமராக்களுக்கு நடுவே நின்று கையசைத்தாள். எர்லிந்தா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தடுப்பைத் தாண்டி, வீராங்கனைகள் வெளியே போகும் வழியின் வாசலுக்கு நேராக பிளாஸ்க்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சித்தி, அங்க இல்ல! லின்-லின் அந்தப் பக்கம்!"

எர்லிந்தா நகரவில்லை. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு குனிந்தபடி வந்த பெண், கண்முன் நீண்ட பிளாஸ்க்கைப் பார்த்து நின்றாள். துண்டு நழுவியது. அழுது சிவந்த முகத்தோடு அதை வாங்கி, மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

நடுவர் அவ்வளவு கெஞ்சியும் அடங்காத வரிசை, இப்போது மூச்சுவிடவில்லை.

"யாயா," என்றாள் எகிப்துக்காரி நெஸ்மா, சுத்தமான இலோயிலோப் பேச்சில், "கருவாடு எங்க?"